இந்தியச் சிறார் இயற்கைக் கல்வியில் கைவினையும் கண்டறிதலும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

சிறார்க்கு இயற்கையை அறிமுகப்படுத்தும் பணி இன்று ‘சுற்றுச்சூழல் கல்வி’ என்னும் பெயரில் பள்ளிப் பாடத்திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. இலை, விதை, ஓலை, களிமண் ஆகியவற்றைக் கொண்டு பொருள் செய்யும் பயிற்சியோ ‘கைவேலை’ என்னும் பெயரில் வேறொரு பாடவேளையில் அடங்குகிறது. முன்னதற்குத் தேர்வும் மதிப்பெண்ணும் உண்டு. பின்னது பெரும்பாலும் ஆண்டுவிழாக் கண்காட்சியோடு முடிந்துவிடுகிறது. இவ்விரண்டும் தொடக்கந்தொட்டே இவ்வாறு பிரிந்திருந்தனவா, இல்லையெனில் எப்போது, எவ்வாறு பிரிந்தன என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. 1883 முதல் 2020 வரையிலான இந்தியக் கல்வி வரலாற்றில் சில முயற்சிகள் மட்டும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. கை செய்வதும் கண் காண்பதும் ஒன்றாக இருந்த இடங்களில்தான் சிறார் இயற்கைக் கல்வி உயிர்ப்புடன் விளங்கியது என்பது இக்கட்டுரையின் கருதுகோளாகும்.

தமிழ் இலக்கியச் சான்றுகள்

இவ்வினா தமிழாய்வாளர்க்குப் புறம்பானதன்று. சிறுவர் தாமே செய்தும் பிறர் செய்துதரப் பெற்றும் ஆடிய இயற்கைப் பொருள்களைப் பற்றிய செய்திகள் சங்க இலக்கியத்தில் பரவலாகக் காணப்படுகின்றன. கோரைப்புல்லால் செய்த பைஞ்சாய்ப் பாவையும், ஈரமணலால் செய்து கடலலைக்குப் பறிகொடுத்த வண்டற்பாவையும் ஐங்குறுநூற்றில் இடம்பெறுகின்றன. தச்சன் செய்த சிறிய தேரைச் சிறுவர் ஏறி ஊராமல் கையால் ஈர்த்து மகிழ்வதைக் குறுந்தொகையின் 61ஆம் பாடல் உவமையாக்குகிறது. பட்டினப்பாலையில் மூன்று சக்கரச் சிறுதேர் வருகிறது. சிற்றில், சிறுதேர், சிறுபறை என்னும் விளையாட்டுகள் பிற்காலத்தில் பிள்ளைத்தமிழ்ப் பருவங்களாகவே அமைந்துவிட்டன.

இவற்றுள் நற்றிணையின் 172ஆம் பாடல் தனித்து நோக்கத்தக்கது. தலைவியும் தோழியரும் விளையாடும்போது வெண்மணலில் அழுத்திய புன்னை விதை, அவர்கள் மறந்த பின்னர் முளைவிடுகிறது. அதனை நெய் கலந்த பால் ஊற்றி வளர்க்கின்றனர். தாயோ அம்மரம் மகளுக்குத் தங்கை முறையாகும் என்கிறாள். அதனால் அம்மரத்தின் நிழலில் தலைவனோடு நகைத்துப் பேசவும் தலைவி நாணுகிறாள். முதலில் நிகழ்வது கைவிளையாட்டு. அடுத்து வருவது முளை கண்ட வியப்பு. அதன்பின் பேணலும் உறவும் தொடர்கின்றன. இன்றைய சுற்றுச்சூழல் கல்வி தன் நோக்கமாகக் கூறும் படிநிலைகள் யாவும் இவ்வொரு பாடலில் வரிசையாக அமைந்துள்ளன. கையின் செயல் அவ்வரிசையில் முதலாவதாக நிற்பது இக்கட்டுரைக்கு அடிப்படையாகிறது.

சேகரிப்பின் காலம்

நவீன இந்தியாவில் இயற்கை ஆய்வு ஒரு நிறுவனமாக உருப்பெற்றதற்கு 1883ஆம் ஆண்டு எண்மர் கூடித் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் முதன்மையான சான்றாகும். அக்காலத்தில் இயற்கையை அறிதல் என்பது பெரும்பாலும் சேகரித்தலாகவே இருந்தது. பறவையைச் சுடுதலும், தோலுரித்துப் பதப்படுத்துதலும், முட்டைகளைப் பெட்டியில் அடுக்குதலும் அறிவியல் முறைகளாகக் கருதப்பட்டன.

சாலிம் அலியின் (1896–1987) இளமைப்பருவ நிகழ்வு இம்முறைக்கு எடுத்துக்காட்டாக அமைகிறது. விளையாட்டுத் துப்பாக்கியால் தாம் சுட்ட சிட்டுக்குருவியின் தொண்டையில் மஞ்சள் திட்டு இருப்பதைக் கண்ட சிறுவன், அது என்ன பறவை என்று அறியும் ஆவலோடு கழகத்தை அணுகினான். செயலராக இருந்த மில்லார்டு அதனை மஞ்சள் தொண்டைச் சிட்டு என இனங்காட்டியதோடு, கழகத்தின் சேகரிப்புகளையும் திறந்து காட்டினார். 1985இல் வெளிவந்த தம் தன்வரலாற்றுக்குச் சாலிம் அலி இட்ட தலைப்பு இந்தச் சிட்டின் வீழ்ச்சியையே நினைவூட்டுகிறது. இந்தியப் பறவைகள் குறித்து 1941இல் அவர் வெளியிட்ட நூல், துப்பாக்கியின்றிப் பறவைகளை இனங்காணப் பல தலைமுறையினர்க்குத் துணைநின்றது.

கையில் ஒரு பொருள் இருந்ததால் எழுந்த வினாவே அச்சிறுவனை ஆய்வாளனாக்கியது. ஆயினும் அப்பொருள் உயிரிழந்த ஒன்று. உயிரைப் போக்காமலே கைக்கு வேலை தரும் இயற்கைக் கல்வி எவ்வாறு அமையும் என்னும் சிக்கலுக்கு இந்தியக் கல்வியாளர் சிலர் விடை தேடினர்.

சாந்திநிகேதனமும் சீநிகேதனமும்

1901ஆம் ஆண்டு இரவீந்திரநாத தாகூர் சாந்திநிகேதனத்தில் தொடங்கிய பள்ளியில் வகுப்புகள் மரநிழலில் நிகழ்ந்தன என்பது பலரும் அறிந்த செய்தி. அதன் தொடர்ச்சியாக எழுந்த கைவினைப் பணி அத்துணை பரவலாக அறியப்படவில்லை. 1922இல் லெனார்டு எல்ம்ஹர்ஸ்டின் துணையோடு சீநிகேதனத்தில் ஊரக மறுசீரமைப்பு நிறுவனம் அமைந்தது. 1924இல் சிற்றூர்ச் சிறார்க்காகச் ‘சிக்ஷா சத்ரா’ என்னும் பள்ளி தொடங்கப்பட்டது. தோட்டமும் கைத்தொழிலும் அங்குப் பாடத்தின் துணைக்கருவிகளாக இருக்கவில்லை. பாடமே அவற்றின் வழியாக நடந்தது. 1928இல் மரம் நடுதல் ஒரு விழாவாகவே கொண்டாடப்பெற்றது. ஆடலும் பாடலும் அணிவகுப்பும் சூழ ஒரு கன்றைச் சுமந்து சென்று நடும் அவ்விழாவில், மரம் ஊரின் உறவினராக வரவேற்கப்படுகிறது. நற்றிணைத் தாயின் சொல்லோடு இதற்கு நேரடித் தொடர்பு ஏதுமில்லை எனினும் இரண்டின் உள்ளுணர்வும் ஒத்திருப்பது குறிப்பிடத்தக்கது.

பாவநகரின் ஆசிரியர்

இதே காலத்தில் குசராத்தின் பாவநகரில் கிஜுபாய் பதேகா (1885–1939) குழந்தைக் கல்வியில் ஈடுபட்டிருந்தார். வழக்குரைஞராக இருந்த அவர் அத்தொழிலை விடுத்துத் தட்சிணாமூர்த்தி நிறுவனத்தில் இணைந்தார். 1920இல் அங்குக் குழந்தைகள் பள்ளி ஒன்றை நிறுவினார். மீசை வைத்த தாய் என்னும் பொருளில் அவரைக் குசராத்தியர் அன்போடு அழைத்தனர். ‘பகற்கனவு’ என்னும் பொருள்படும் ‘திவாசுவப்னம்’ என்ற அவரது நூல், நான்காம் வகுப்பு ஒன்றில் ஓர் ஆசிரியர் நிகழ்த்தும் சோதனைகளைக் கதைவடிவில் கூறுவது.

இயற்கைக் கல்வி வரலாற்றில் அவர் 1936இல் சிறார்க்கு எழுதிய மடல் ஒன்று சிறப்பிடம் பெறுகிறது. பறவைகள் கூடுகட்டும் காலத்தை அது விவரிக்கிறது. இலைகளைத் தைக்கும் தையல்சிட்டும், தொங்குகூடு அமைக்கும் தேன்சிட்டும், புல்லைப் பின்னும் தூக்கணாங்குருவியும் அதில் கைவினைஞராகவே காட்சி தருகின்றன. களிமண் பிசைந்தும் நார் பின்னியும் பழகிய சிறுவனுக்கே தூக்கணாங்குருவியின் கூடு எத்துணை அரிய வேலைப்பாடு என்பது புலப்படும். கைவினை அறிந்த கண்ணே இயற்கையின் வினைத்திறத்தை அளந்தறிகிறது எனலாம். இம்மடலைத் தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் 2007இல் வெளியிட்ட நான்காம் வகுப்புச் சூழ்நிலையியல் பாடநூல் எடுத்தாண்டது. எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அதற்கு ஈடான ஒன்றைப் பாடநூலாசிரியர்கள் தேடிச் செல்லவில்லை என்பது அதன் தகுதியைக் காட்டும்.

வார்தாவும் பிரிவினையும்

1937ஆம் ஆண்டு அக்டோபரில் வார்தாவில் கூடிய மாநாட்டைத் தொடர்ந்து, ஜாகிர் உசேன் தலைமையிலான குழு ஆதாரக் கல்வித் திட்டத்தை வகுத்தது. கைத்தொழில், இயற்கைச் சூழல், சமூகச் சூழல் ஆகிய மூன்றையும் இணைத்துக் கற்பிப்பதே அதன் அடிப்படைக் கொள்கை. பருத்தியை நூற்கும் மாணவன் பருத்திச் செடியையும், அது வளரும் மண்ணையும், மழையையும், அதனை விளைவிக்கும் உழவரையும் அறிதல் வேண்டும் என்பது அதன் எதிர்பார்ப்பு. கையிலிருந்து கண்ணுக்குச் செல்லும் பாதை இங்குக் கொள்கையளவில் தெளிவாக வகுக்கப்பட்டது.

இத்திட்டத்தைச் செயற்படுத்திய இந்துஸ்தானி தாலிமி சங்கத்தின் செயலராக விளங்கியவர் யாழ்ப்பாணத்துத் தமிழரான இ. டபிள்யூ. ஆரியநாயகம். அவர் முன்னர்ச் சாந்திநிகேதனத்தில் தாகூரோடு பணியாற்றியவர். அவரும் துணைவியார் ஆஷாதேவியும் சேவாகிராமத்திற்கு வந்தபோது சாந்திநிகேதனத்தின் பட்டறிவும் உடன் வந்தது எனக் கருத இடமுண்டு. 1928இல் சென்னைக்குப் பள்ளி ஆசிரியராக வந்த மார்ஜரி சைக்ஸ் (1905–1995) பின்னர்ச் சாந்திநிகேதனத்திலும், அதன்பின் சேவாகிராமத்திலும் பணியாற்றினார். நீலகிரியின் கோத்தகிரியில் சில காலமும், மத்தியப் பிரதேசத்தின் இரசூலியாவில் சில காலமும் அவர் வாழ்ந்தார். இரசூலியா என்னும் ஊர்ப்பெயர் இவ்வரலாற்றில் மீண்டும் வரும்.

விடுதலைக்குப் பின்னர் ஆதாரக் கல்வி படிப்படியாகத் தளர்ந்தது. பல பள்ளிகளில் கைத்தொழில் என்பது நூற்பு மட்டுமாகச் சுருங்கியது. செடியையும் மண்ணையும் அறிவதற்கான வாயிலாக அது அமையாமல், முடிக்கவேண்டிய ஒரு வேலையாக மாறியது. 1964–66இல் செயற்பட்ட கோத்தாரி ஆணையம் ‘பணி அனுபவம்’ என்னும் கருத்தை முன்வைத்தது. 1977இல் ஈசுவர்பாய் படேல் குழு ‘சமூகப் பயனுள்ள ஆக்கப்பணி’ என்னும் பாடத்தைப் பரிந்துரைத்தது. இவ்விரண்டும் நன்னோக்கம் உடையவையே. எனினும் நடைமுறையில் கைவினை தனிப் பாடமாயிற்று. இயற்கை அறிவு அறிவியல் பாடநூலுக்குள் சென்று சேர்ந்தது. பருத்தி ஓர் ஏட்டிலும் நூல் மற்றோர் ஏட்டிலுமாகப் பிரிந்தன. முன்னுரையில் எழுப்பிய வினாவிற்கு விடை இக்காலப்பகுதியிலேயே உள்ளது.

ஒசங்காபாத் (1972–2002)

பிரிந்தவற்றை மீண்டும் இணைக்க முயன்றது, இன்று நர்மதாபுரம் எனப்படும் ஒசங்காபாத் மாவட்டத்தில் நடந்த அறிவியல் கற்பித்தல் திட்டமாகும். இரசூலியாவின் நண்பர்கள் ஊரக மையமும், அனில் சத்கோபால் நிறுவிய கிசோர் பாரதியும் இணைந்து 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் இதனைத் தொடங்கின. 1978இல் மாவட்டம் முழுவதும் பரவிய இத்திட்டத்தை முன்னெடுத்துச் செல்ல 1982இல் ஏகலவ்யா என்னும் நிறுவனம் உருவாயிற்று. தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவன அறிவியலாளரும் இதில் பங்குகொண்டனர்.

‘பால வைஞ்ஞானிக்’ என்னும் அதன் பாடநூல், விடைகளைத் தருவதைவிடச் செய்யவேண்டியவற்றையே பெரிதும் கூறியது. மாணவர் வயலுக்கும் ஓடைக்கும் களப்பயணம் சென்றனர்; இலைகளையும் விதைகளையும் திரட்டி வந்து தாமே வகைப்படுத்தினர். நூலைத் திறந்துவைத்து எழுதும் தேர்வும் செய்முறைத் தேர்வும் நடைபெற்றன. ‘சவாலிராம்’ என்னும் கற்பனை மனிதருக்கு அவர்கள் தம் ஐயங்களை மடலாக எழுதி அனுப்பினர். வினாவைத் தண்டனைக்குரியதாகக் கருதாத ஒரு பள்ளிச் சூழல் அங்கு நிலவியது.

இத்திட்டத்தின் துணைவிளைவாக எழுந்ததே அரவிந்த் குப்தாவின் பொம்மைப் பணி. கான்பூர் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற பொறியாளரான அவர், 1978இல் தம் பணியிலிருந்து விடுப்புப் பெற்றுக் கிசோர் பாரதிக்கு வந்தார். ஊர்ச்சந்தையில் கிடைத்த மிதிவண்டி வால்வுக் குழாயும் தீக்குச்சியும் அவர் கையில் வடிவியல் உருவங்களாயின. எறியப்படும் பொருள்களிலிருந்து கற்றல் கருவி செய்யும் அவரது முறை இந்திய மொழிகள் பலவற்றில் பரவியது. 2018இல் அவர் பத்மசிறீ விருது பெற்றார்.

ஆயினும் 15 மாவட்டங்களில் ஆயிரம் அளவிலான பள்ளிகளில் நடந்துகொண்டிருந்த இத்திட்டத்தை மாநில அரசு 2002இல் நிறுத்தியது. ஏனைய மாவட்டங்களுக்குரிய பொதுப் பாடநூலே இங்கும் நடைமுறைக்கு வந்தது. முப்பதாண்டு உழைப்பு ஓர் ஆணையால் முடிவுற்றது. கையால் கற்கும் கல்வி ஒரே சீரான பாடநூல் என்னும் நிருவாக வசதிக்கு எப்போதும் இடையூறாகவே தோன்றும் என்பதை இந்நிகழ்வு உணர்த்துகிறது.

தில்லி இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் (1978–2016)

தலைநகரில் இவ்விணைப்புக்கு இடந்தந்த நிறுவனம் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். நாட்டு விடுதலையின் 25ஆம் ஆண்டினையொட்டி 1972இல் இதற்கான திட்டம் உருவாயிற்று. 1978 ஜூன் 5 அன்று, உலகச் சுற்றுச்சூழல் நாளில், மண்டி ஹவுஸ் பகுதியிலுள்ள வணிகக் கூட்டமைப்பின் கட்டடத்தில் இது திறக்கப்பட்டது.

கண்ணாடிப் பேழைக்குள் விலங்குருவங்களைக் காட்டுவதே அருங்காட்சியகங்களின் பொது இயல்பு. தொடாதே என்பது அங்கு எழுதப்படாத விதி. இவ்வருங்காட்சியகத்திலோ சிறார்க்கெனத் ‘கண்டறியும் அறை’ ஒன்று அமைக்கப்பட்டது. அதில் சிறுவர் மாதிரிகளைக் கையிலெடுத்து ஆராய்ந்தனர். விலங்குருவங்களைக் களிமண்ணாலும் சுண்ண வார்ப்பாலும் செய்தனர். முகமூடிகள் செய்து வண்ணந்தீட்டினர். சாலிம் அலியின் இளமையில் துப்பாக்கி தந்த நெருக்கத்தை இங்குக் களிமண் தந்தது. யானையின் காதைக் களிமண்ணில் செய்ய முற்படும் குழந்தை, அக்காதின் வடிவை அதுவரை சரியாகப் பார்த்ததில்லை என்பதை அப்போதுதான் உணரும். செய்தலே காண்டலுக்குத் தூண்டுகோலாகும் என்பதற்கு இதனினும் எளிய விளக்கம் தேவையில்லை.

2016 ஏப்ரல் 26 அன்று அதிகாலை மூண்ட தீயில் அருங்காட்சியகம் அழிந்தது. பதப்படுத்திய விலங்குகளும் அரிய புதைபடிவச் சேகரிப்புகளும் தீக்கிரையாயின. செய்தித்தாள்கள் இழந்த பொருள்களைப் பட்டியலிட்டன. ஆனால் தலைநகரின் பள்ளிச் சிறார் ஏறத்தாழ நாற்பதாண்டுகளாகத் தொட்டும் செய்தும் கற்ற ஓர் இடம் மறைந்ததே பேரிழப்பு. இதன் மண்டல அருங்காட்சியகங்கள் மைசூர் (1995), போபால் (1997), புவனேசுவரம் (2004), சவாய் மாதோபூர் (2014) ஆகிய இடங்களில் முன்னரே அமைந்திருந்தன.

சட்டமும் பாடநூலும்

எம். சி. மேத்தா தொடர்ந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991இல் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்குமாறு பணித்தது. 2003இல் அதனைச் செயற்படுத்துமாறு மீண்டும் வலியுறுத்தியது. 2001–02இல் தேசியப் பசுமைப்படை என்னும் பெயரில் பள்ளிகளில் சூழல் மன்றங்கள் தோன்றின. இவற்றால் பாடம் எல்லாப் பள்ளிகளுக்கும் சென்றது என்பது பெரும் பயன். ஆனால் ஒரு பாடத்தைக் கட்டாயமாக்க இயலும். வியப்பைக் கட்டாயமாக்க இயலாது. பல பள்ளிகளில் மாணவரின் சூழல் செயல்திட்டம் கடையில் வாங்கிய படங்களை ஒட்டிய ஏடாகவே அமைகிறது. வீட்டுக்கு வெளியே நிற்கும் வேப்பமரம் அந்த ஏட்டில் இடம்பெறுவதில்லை.

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆறு முதல் எட்டாம் வகுப்பு மாணவர்க்குப் புத்தகப்பை இல்லாத பத்து நாள்களைப் பரிந்துரைக்கிறது. தச்சர், குயவர், தோட்டக்காரர் முதலியோரிடம் நேரிற் பழகுவதற்கு அந்நாள்கள் உரியவை. வார்தாவில் ஆண்டு முழுமைக்கும் கருதப்பட்டது இங்குப் பத்து நாள்களாகியுள்ளது. குறைவே ஆயினும், பிரிந்தவை மீண்டும் சேர இது ஒரு வாயில் என்பதை மறுத்தற்கில்லை.

தமிழாய்வுக்குரிய கடமை

தமிழகத்திற்கு வெளியே தமிழ் கற்பிக்கும் வகுப்பில் நற்றிணையின் புன்னைப் பாடலை நடத்தும்போது, புன்னையைப் பார்த்தவர் யார் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களையும் ஒப்பிக்கும் மாணவர் உள்ளனர். அவற்றுள் ஐந்தினைக் கண்டறியக்கூடியவர் அரியர். இது மாணவர் குறையன்று. இலக்கியத்தைச் சொல்லாக மட்டுமே கற்பித்த நம் குறையாகும்.

பனங்காயின் குடுக்கையில் குச்சி செருகி ஓட்டும் நுங்கு வண்டி, பூவரச இலையைச் சுருட்டி ஊதும் பீப்பீ, பனையோலைக் காற்றாடி, ஓலைக் கிலுகிலுப்பை ஆகியன அண்மைக்காலம் வரை சிற்றூர்ச் சிறாரின் கைவினைகளாக இருந்தன. நுங்கு வண்டியைச் சிறுதேரின் வழித்தோன்றல் எனக் கொள்வது மிகையாகாது. இவற்றைச் செய்யும் சிறுவன் எந்த ஓலை முற்றியது, எந்த இலை சுருட்டினால் கிழியாது, எந்த மாதத்தில் எது கிடைக்கும் என்பனவற்றை அறிந்திருந்தான். அவ்வறிவுக்குரிய வட்டாரச் சொற்கள் அகராதிகளில் முழுமையாக ஏறவில்லை. விளையாட்டு மறையின் சொல்லும் மறையும். சொல் மறையின் பழம்பாடலின் பொருளும் மங்கும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, சாந்திநிகேதனம், பாவநகர், சேவாகிராமம், ஒசங்காபாத், தில்லி ஆகிய இடங்களின் முயற்சிகள் காலத்தாலும் கொள்கையாலும் வேறுபட்டிருப்பினும், கைவினையையும் கண்டறிதலையும் ஒன்றாகக் கொண்டதில் ஒத்திருந்தன. இரண்டாவதாக, 1960, 70களின் பாடத்திட்ட மாற்றங்கள் நன்னோக்கத்தோடு எழுந்தும் இவ்விரண்டையும் தனித்தனிப் பாடங்களாக்கின. மூன்றாவதாக, இவ்விணைப்பை மீட்டெடுத்த நிறுவனங்கள் ஆணையாலும் தீயாலும் மறைந்தன. எனவே இக்கல்வி ஒரு கட்டடத்தையோ ஒரு திட்டத்தையோ மட்டும் நம்பியிருத்தல் கூடாது.

தமிழ்த்துறைகள் தம் அளவில் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. சிறார் இயற்கைக் கைவினைகளின் பெயர்களையும், அவற்றைச் செய்யும் முறைகளையும், அவற்றுக்குரிய செடிகொடிகளையும் திணை அடிப்படையில் களஆய்வு செய்து தொகுத்தல் வேண்டும். அத்தொகுப்பு ஆய்வேடாக நூலகத்தில் உறங்காமல் பள்ளி ஆசிரியர் கைக்குச் சேரவும் வேண்டும். மணலில் அழுத்திய விதையை முளைத்த பிறகே தோழியர் நினைவுகூர்ந்தனர். அழுத்துவதற்கு ஒரு விதையும், அதற்குரிய மணலும் நம் சிறார்க்குக் கிடைக்கச் செய்வதே இக்கல்வியின் முதற்படியாகும்.